அறுத்துச் சுருக்கிய பழைய துவக்கு: நியாய விலையைக் கணிப்பது எப்படி?

பழைய இராணுவத் துவக்கு ஒன்று. எப்போதோ யாரோ அதன் முன்கட்டையை அறுத்து, மரத்தை இழைத்து, மேலே தொலைநோக்கி பூட்டி, வேட்டைக்குத் தோதாக மாற்றியிருக்கிறார்கள். இன்று அது விலைக்கு வருகிறது. விற்பவர் ‘உலகப் போர்க் காலத்துச் சாமான்’ என்று பேச்சை ஆரம்பிக்கிறார். வாங்க வந்தவருக்கோ அது பொக்கிஷமா, பழைய இரும்பா என்று பிடிபடவில்லை. என்ன கொடுத்தால் நியாயம்?

இந்தக் கேள்வி எனக்கு வருவதெல்லாம் மலையகத்தில் பிறந்து கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் குடியேறிவிட்ட எங்கள் பிள்ளைகளிடமிருந்துதான். இங்கே இலங்கையில் அப்படியொரு சந்தை கிடையாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். இருக்கிற அனுமதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தோட்டப் பக்கத்தில் ஒருவரிடம் முறையான துவக்கு இருந்தால், அது காட்டுப்பன்றியிடமிருந்து மரக்கறித் தோட்டத்தைக் காக்கிற பன்னிரண்டு ‘போர்’ (bore, குழல் அளவு) துவக்காகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஆகவே கீழே விலை என்று வருகிற இடமெல்லாம், சட்டப்படி வாங்கி விற்கக்கூடிய நாடுகளின் கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தத் துவக்கு வகைக்கும் எங்கள் மலைக்கும் பழக்கம் பழையது. தேயிலைத் துரைமார் 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு ரைபிள் படை அமைத்தார்கள். இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை என்று பெயர். வெள்ளையருக்கு மட்டுமேயான படை. மலையைக் கொத்திப் பச்சையாக்கிய தமிழனுக்கு அதில் இடமில்லை. அதே ஆண்டில் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து தியத்தலாவையில் அடைத்தார்கள். அந்தப் போயர்கள் சண்டையில் பிடித்திருந்தது மௌசர் துவக்கு. ஐந்து தோட்டாக்களை ஒரு தகட்டில் கோத்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ளிவிடலாம். பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தான். அந்தப் போரில் பட்ட பாட்டில்தான் பிரிட்டிஷார் தங்கள் லீ என்ஃபீல்ட் துவக்கைக் குட்டையாக்கி, தகட்டோடு தோட்டா ஏற்றும் வசதியையும் சேர்த்தார்கள். 1907இல் வந்த மூன்றாம் மார்க் என்ற வகை முதலாம் உலகப் போரைத் தாங்கியது. அதன் தம்பியான நான்காம் இலக்கம் என்ற வகை இரண்டாம் உலகப் போரைத் தாங்கியது. நம் ஊர்ப் பொலிஸ்காரர் தோளில் ‘303’ என்று நாம் பார்த்து வளர்ந்தது இந்தக் குடும்பத்தைத்தான்.

இந்தக் கட்டுரையில் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மௌசர், அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்ட் எதுவானாலும் தருக்கம் ஒன்றுதான்.

முதலில், ஏன் அறுத்தார்கள்?

இன்றைய சேகரிப்பாளர்கள் அறுத்தவர்களைத் திட்டித் தீர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அரசாங்கங்கள் இலட்சக்கணக்கான துவக்குகளை உபரி என்று தள்ளிவிட்டன. ஒரு புது வேட்டைத் துவக்கின் விலையில் சிறு பங்குக்கு ஒரு 303 கிடைத்தது. குளிர்காலத்துக்கு இறைச்சி தேடிய கனேடிய விவசாயிக்கு, பயனெட் பொருத்துகிற இரும்பு முனையால் என்ன பயன்? குழலின் நுனிவரை ஓடுகிற மரம் அவனுக்கு வெறும் பாரம். வாளை எடுத்து அறுத்தான். அன்று அது புத்திசாலித்தனம். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தபால் வழி விற்பனையையும் உபரி இராணுவத் துவக்குகளின் இறக்குமதியையும் அடைத்தது. அதற்குள் ஏராளமானவை அறுபட்டுவிட்டன. அறுபடாமல் தப்பியவை அரிதாக அரிதாக, அவற்றின் விலை ஏறியது. அறுத்தவை கீழேயே நின்றுவிட்டன. இன்று நீங்கள் காணும் விலை இடைவெளியின் கதை இவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாற்றியமைத்த ஒரு பழைய துவக்குக்குள் மூன்று விலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, வரலாற்றுப் பொருளாக அதற்குள்ள விலை: தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் சேகரிப்பாளர் கொடுப்பது. இரண்டு, கருவியாக அதற்குள்ள விலை: குறி தப்பாமல் சுடுமா, கையில் நன்றாக உட்காருமா என்று பார்த்து வேட்டைக்காரன் கொடுப்பது. மூன்று, பிரித்து உதிரிகளாக விற்றால் தேறுகிற விலை. ஒவ்வொரு மாற்றமும் முதல் விலையில் கொஞ்சத்தை எடுத்து இரண்டாவதில் போடுகிறது. எடுத்த அளவுக்குப் போட்டதா என்பது வேறு பேச்சு. பேரத்தில் நடக்கிற ஏமாற்றம், தெரிந்தோ தெரியாமலோ, பெரும்பாலும் ஒரே வகை: வரலாற்றின் விலையைக் கேட்டுவிட்டு வேட்டைக் கருவியைக் கையில் தருவார்கள். ‘1943ஆம் ஆண்டுத் துவக்கு’ என்ற சொல் உண்மை. அந்த 1943இல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் கேள்வி.

மிச்சத்தை அளப்பது எப்படி?

டொரண்டோவில் இருக்கும் என் மருமகன் ஒருவன் சென்ற குளிர்காலத்தில் ஒரு துவக்கைக் கைபேசியில் காட்டி, “மாமா, இதை விட்டுவிடட்டுமா, வாங்கட்டுமா?” என்று கேட்டான். துவக்கு உரிமத்துக்கான பரீட்சை எழுதித் தேறியவன். ஆசைக்கு ஒரு பழையது வேண்டும் என்கிறான். தேயிலைத் தொழிற்சாலை வேர்க்ஷாப்பில் இரும்போடு புழங்கிய எனக்குக் கண் முதலில் போனது மரத்துக்கு அல்ல, இரும்புக்கு.

“முதலில் போல்டைக் கழற்றி மேசையில் வை. அறையில் தோட்டா இல்லை என்று விரலை விட்டுப் பார்” என்றேன். போல்ட் என்பது அறையை, அதாவது தோட்டா உட்காருகிற இடத்தை, மூடித் திறக்கிற இரும்புத் தண்டு. எந்தத் துவக்கைப் பார்ப்பதற்கும் இந்தச் சோதனைதான் முதற்படி. விற்பவர் ‘காலியாகத்தான் இருக்கிறது’ என்று சத்தியம் செய்தாலும் சரி. பிறகு இடப்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். போல்ட் ஓடுகிற இரும்பு உடலின் இடச் சுவரில் நான்காம் இலக்கம், முதலாம் மார்க், பக்கத்தில் ஒரு நட்சத்திரம், லாங் பிராஞ்ச், 1943 என்று பொறித்திருந்தது. லாங் பிராஞ்ச் இன்று டொரண்டோ நகருக்குள் ஒரு குடியிருப்புப் பகுதி. போர்க்காலத்தில் கனடாவின் துவக்குத் தொழிற்சாலை அதை ஒட்டி, இன்றைய மிசிசாகா நகரின் எல்லைக்குள் இருந்தது. அவன் பஸ்ஸில் வேலைக்குப் போகிற திசையில் பிறந்த துவக்கு அது. பையனுக்கு அப்போதே பாதி மனம் விழுந்துவிட்டது.

கைப்பிடிக்குச் சற்று முன்னால், கட்டை இரும்புக்குள் நுழைகிற இடத்தில் தொடர் இலக்கம் இருந்தது. நடுவில் ஒரு எல் எழுத்து. அது லாங் பிராஞ்சின் வழக்கம். போல்ட் கைப்பிடியின் பின்புறத்தில் இருந்த இலக்கமும் அதுவே. இது நல்ல செய்தி. போல்ட் ஒவ்வொரு துவக்குக்கும் அளந்து பொருத்தப்பட்டது. இலக்கம் மாறினால் வேறு துவக்கின் போல்டை யாரோ செருகியிருக்கிறார்கள். விலை குறைவதோடு பாதுகாப்பும் கேள்விக்குரியதாகிறது.

அடுத்து முனை. நான்காம் இலக்கத்தின் குழல் நுனியில், பயனெட் பூட்டுவதற்கான சிறு இரும்புக் காதுகள் இருக்கும். அவை இருந்தால் குழலை யாரும் அறுக்கவில்லை. அவை இல்லாமல் நுனி வழவழவென்று இருந்தால் குழல் குட்டையாக்கப்பட்டிருக்கிறது. முன் குறிகாட்டியை எங்கேயோ பின்னால் தள்ளிப் பற்றவைத்திருப்பார்கள். மருமகன் காட்டியதில் காதுகள் இருந்தன. ஆனால் முன்கட்டை பாதியில் நின்றுவிட்டது. குழலின் மேல் மூடியிருக்க வேண்டிய மரத் தகடுகள் இல்லை. அறுத்த முனையை யாரோ அழகாக உருட்டி வார்னிஷ் பூசியிருந்தார்கள். கைபேசியை அடியில் கொண்டுபோகச் சொன்னேன். வார்னிஷ் எட்டாத அடிப்பக்கத்தில் கைவாளின் பற்கள் இழுத்த கோடுகள், இரண்டு இடத்தில் கோணிப்போய், அப்படியே இருந்தன. தச்சன் கை அல்ல. ஒரு சனிக்கிழமை மாலை வீட்டு முற்றத்தில் நடந்த வேலை.

இதுவரைக்கும் எல்லாமே திரும்பக்கூடியது. மரம் போனால் மரம் வாங்கலாம்.

“இப்போது மேலே, தொலைநோக்கி உட்கார்ந்திருக்கிற இடத்தைக் காட்டு.”

தொலைநோக்கியைக் கழற்றியதும் மூன்று துளைகள் தெரிந்தன. இரும்பு உடலில் துளைபோட்டு மரை வெட்டியிருந்தார்கள். தோட்டாத் தகடு செருகுகிற பாலத்தையும் பாதி அரைத்துத் தள்ளியிருந்தார்கள். இனி இது எந்நாளும் பழைய நிலைக்குப் போகாது. துளையை அடைக்கலாம், பற்றவைத்து அராவலாம். பார்க்கத் தெரிந்தவன் கண்ணுக்கு அந்த வடு தெரியும். கூறைச் சேலையை வெட்டித் தாவணி தைத்த பிறகு, தாவணி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அதைக் கூறையின் விலைக்கு விற்க முடியாது அல்லவா.

ஆக, மாற்றியமைத்த துவக்கில் தொடக்கக்காரர் கேட்க வேண்டிய முதற் கேள்வி ‘இது எவ்வளவு பழையது’ என்பது அல்ல. ‘செய்ததைத் திருப்ப முடியுமா’ என்பது. மரத்தில் மட்டும் கை வைத்திருந்தால் வரலாற்று விலை உறங்குகிறது. காசும் பொறுமையும் இருந்தால் எழுப்பலாம். உடலில் துளை, அறுத்த குழல், அரைத்த பாலம், வேறு தோட்டாவுக்கு மாற்றிய அறை இவற்றில் ஒன்று வந்தாலும் வரலாற்று விலை செத்துவிட்டது. கருவியின் விலையும் உதிரிகளின் விலையும் மட்டும்தான் பாக்கி.

இதற்கு ஒரு விலக்கு உண்டு: அறுத்தவர் யார் என்பது. இங்கிலாந்தில் பார்க்கர் ஹேல் நிறுவனமும், துவக்குகளைச் செய்த பி.எஸ்.ஏ. நிறுவனமே கூடவும், உபரி லீ என்ஃபீல்டுகளை முறையாக வேட்டைத் துவக்குகளாக மாற்றி விற்றன. அமெரிக்காவில் கிரிஃபின் அண்ட் ஹோவ் பட்டறை ஸ்பிரிங்ஃபீல்ட் துவக்குகளில் செய்த வேலை, சில வேளைகளில் மாற்றாத துவக்கைவிடப் பல மடங்கு விலை போகும். அங்கே துவக்கின் பழைய வரலாறு போய், வேலைக்காரனின் வரலாறு ஏறிவிட்டது. ஆனால் பட்டறையின் பொறிப்பு இரும்பில் இருக்க வேண்டும். ‘அந்தப் பட்டறையின் வேலைபோல இருக்கிறது’ என்ற வாய்ப்பேச்சுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

குழலின் உள்ளே

வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், கருவியின் விலை குழலின் உள்ளேதான் இருக்கிறது. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தொடக்கக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான்.

போர்க்காலத்து 303 தோட்டாக்களின் பற்றுமருந்தில் (தோட்டாவின் அடியில், அடிபட்டதும் முதலில் தீப்பற்றுகிற மருந்து) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்ததும் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைட் படியும். நம் சமையலறை உப்புக்கு ஒன்றுவிட்ட சகோதரம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைத் தின்னும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் இது போகாது. உப்பை நீர்தான் கரைக்கும். அதனால் பிரிட்டிஷ் இராணுவத்தில் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றுவதற்கென்றே ஒரு புனல் இருந்தது. ஊற்றி, காயவைத்து, பிறகு எண்ணெய். இதைச் செய்யாமல் ஓர் இரவு விட்டாலும் போதும். நுவரெலியா மாதிரி, மதியத்திலேயே பனிமூட்டம் ஜன்னல் வழியாக வந்து சாக்கு நாற்காலியில் உட்காருகிற ஊராக இருந்தால் காலையில் உள்ளே செம்மண் நிறம். அந்தத் துரு பிறகு துடைபட்டாலும், அது தோண்டிய குழிகள் நிரந்தரம்.

வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றைப் போல்ட் இருந்த இடத்தில் வைத்து, வெளிச்சத்தை அதன்மேல் அடித்து, முனையிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். வரிப்பள்ளங்களின் (குழலின் உட்சுவரில் சுருளாக ஓடுகிற பள்ளங்கள்) ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். உள்ளே கறுப்புப் புள்ளிகள் தூவியதுபோல் இருந்தால் குழிகள். பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் இருந்தால் வேட்டைத் தூரத்துக்குப் பாதகமில்லை. மேட்டையும் தின்றிருந்தால் விலையைப் பாதியாக்கிப் பேசலாம்.

மருமகன் இங்கே ஒரு கணம் பதறினான். “மாமா, பள்ளம் இரண்டுதான் இருக்கிறது. ஐந்து இருக்க வேண்டும் என்று வாசித்தேன். மற்றது தேய்ந்துவிட்டதா?” தேயவில்லை. போர் அவசரத்தில், சீக்கிரம் செய்து முடிக்க லாங் பிராஞ்சிலும் அமெரிக்காவின் சாவேஜ் தொழிற்சாலையிலும் இரண்டு பள்ளக் குழல்களே போட்டார்கள். நன்றாகச் சுடும். குறை சொல்லி விலை குறைக்க வழியில்லை.

இன்னொன்று முனைத் தேய்வு. சிப்பாய்கள் குழலைச் சுத்தம் செய்தது கோலால் அல்ல, கயிற்றால். நுனியில் துணி கட்டி ஒரு பக்கமாக இழுப்பார்கள். ஆண்டுக்கணக்கில் கயிறு ஒரே ஓரத்தில் உரசினால் முனைவாய் வட்டம் நீள்வட்டமாகிவிடும். அந்தத் துவக்கு எவ்வளவு பிடித்து நின்று சுட்டாலும் குறிக்குப் போகாது. முனைவாயில் ஒரு சன்னத்தைச் செருகித் தேய்வு பார்க்கிற பழக்கம் உண்டு; உயிர்த்தோட்டாவை வைத்து அதைச் செய்யாதீர்கள். துவக்குத் திருத்துநரிடம் அளவுகோல் இருக்கிறது.

அதே ஆளிடம் போல்டுக்கும் தோட்டா அடிக்கும் இடையிலான இடைவெளியையும் அளக்கச் சொல்லுங்கள். நான்காம் இலக்கத்தின் போல்ட் தலை தனியாகக் கழலும். 0 முதல் 3 வரை எண்ணிட்டு நான்கு அளவில் வரும். தேயத் தேயப் பெரிய எண்ணைப் போடுவார்கள். ஏற்கெனவே 3 போட்டிருந்தால் இனி ஏறப் படி இல்லை.

பொறிப்புகள் சொல்லும் கதை

இரும்பில் இருக்கிற சிறு முத்திரைகளை வாசிக்கத் தெரிந்தால் பாதி பேரம் முடிந்தது. பிரிட்டிஷ் அரசின் உடைமைக்கு ஓர் அம்புக்குறி. இரண்டு அம்புகள் முனைக்கு முனை முட்டிக்கொண்டு நின்றால், அரசு முறைப்படி விற்றுத் தள்ளிய துவக்கு. எஃப்.டி.ஆர். (FTR) என்று ஓர் ஆண்டோடு இருந்தால் தொழிற்சாலையிலேயே முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தது. அப்போது பாகங்கள் மாறியிருப்பதும் புது நிறம் பூசியிருப்பதும் குற்றமாகாது, அதுவும் அதன் வாழ்க்கைதான். அதே நிறத்தை ஒருவர் வீட்டில் பூசினால் குற்றம். கட்டையை உப்புத்தாளால் தேய்த்து மினுக்கியிருந்தால் மரத்தில் இருந்த முத்திரைகளெல்லாம் போயிருக்கும். அழகாக்க நினைத்து விலையைத் தேய்த்த வேலை அது.

டி.பி. (DP) என்று கண்டால் நில்லுங்கள். அணிநடைப் பயிற்சிக்கென்று ஒதுக்கியது. பள்ளிக்கூடக் கடேற் படைகளுக்குக் கொடுக்கிற வகை. சிலவற்றில் அறையிலேயே துளை போட்டிருப்பார்கள். சுவரில் மாட்டலாம், சுட முடியாது. கருவியின் விலை அங்கே சுழியம்.

கட்டையின் அடித்தகட்டில் ஒரு சிறு கதவு இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். உள்ளே சிப்பாயின் எண்ணெய்க் குப்பியும் இழுகயிறும் இருந்தால் அதிர்ஷ்டம். விலைக்காக இல்லாவிட்டாலும், எண்பது வருடம் யாரும் தொலைக்காமல் வைத்திருக்கிறார்களே என்பதற்காகவாவது எனக்குப் பிடிக்கும்.

இனிக் கணக்கு. நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு விலை மாறும் என்பதால் பணத்தில் சொல்லாமல், கை படாத, இலக்கங்கள் பொருந்திய ஒரு நல்ல துவக்கை 100 என்று வைத்துக்கொள்வோம். பின்வருபவை கணக்கு புரிவதற்காக நான் போட்ட எண்கள். சந்தை நிலவரம் அல்ல.

மரம் மட்டும் அறுபட்ட ஒன்றை 40க்குக் கேட்கிறார்கள். திருப்ப முன்கட்டை வேண்டும், இரண்டு மரத் தகடுகள், இரும்பு வளையங்கள், முனைக் குறியைக் காக்கும் கவசம், திருகாணிகள். இவை 35. முன்கட்டை இரும்போடு உட்காருகிற இடம் இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் குறி அலையும். அதற்குத் தெரிந்தவர் கை வேண்டும், கூலி 10. மொத்தம் 85. முடித்தபின் விற்றால் 100 வருமா? வராது. வேறு துவக்கின் மரம் என்பது தெரிந்தவருக்குத் தெரியும்; 75 தந்தால் தாராளம். பத்து கைநட்டம். ஆகவே திருப்புவதற்காக வாங்குபவருக்கு நியாய விலை 75இலிருந்து 45ஐக் கழித்த 30. தன் நேரத்துக்கும் ஏதாவது வைத்தால் 25. விற்பவர் ‘மரம் வாங்கிப் போட்டால் அசல் ஆகிவிடும்’ என்று சொல்லி 60 கேட்டால், அந்த வேலையின் இலாபத்தைச் செய்யாமலே அவர் எடுத்துக்கொள்கிறார் என்று பொருள்.

உடலில் துளை போட்ட ஒன்றுக்குக் கணக்கு இன்னும் சுருக்கம். திருப்புகிற வழி அடைபட்டுவிட்டது. அதே வேலையைச் செய்யும் ஒரு சாதாரண வேட்டைத் துவக்கு பழையதாக என்ன விலை போகும் என்று பாருங்கள், அதுதான் உச்சவரம்பு. போல்ட், மகஸின், குறிகாட்டி, அடிக்கட்டை இவற்றைத் தனித்தனியாக விற்றால் தேறுவது அடித்தளம். பேரம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்க வேண்டும். மருமகனின் துவக்கு இந்த இனம். குழல் சுத்தம், போல்ட் இலக்கம் பொருத்தம், கருவியாகக் குறையில்லை. கேட்டது எங்கள் அளவுகோலில் 55. அவன் 35 சொல்லி, துளைகளையும் அரைத்த பாலத்தையும் விரல் வைத்துக் காட்டியிருக்கிறான். 38க்கு முடிந்தது. மூன்று அதிகம் என்பது என் கருத்து. ஊரில் பிறந்த துவக்கு என்கிற ஆசைக்கு அந்த மூன்று.

கருவி என்பதை மட்டமாக எண்ண வேண்டாம். கனடாவின் வடக்குப் பனிப்பிரதேசத்தில் காவல் செய்யும் கனேடிய ரேஞ்சர்கள் 1947 முதல் எழுபது ஆண்டுக்குமேல் இதே நான்காம் இலக்கத்தைத்தான் தோளில் சுமந்தார்கள். 2018இல்தான் புதியது வரத் தொடங்கியது. உறைபனியில் போல்ட் ஓடுகிறது என்பது அதற்குள்ள மரியாதை.

கதைக்கு விலை கொடுக்கலாமா?

‘இன்ன துரை வைத்திருந்தது’, ‘இன்ன போர்முனையில் சுட்டது’ என்று கதை சொல்லாமல் பழைய துவக்கு எதுவும் விற்பனைக்கு வருவதில்லை. கதைக்கு மதிப்பு உண்டு, எழுத்தில் இருந்தால். கண்டி அரண்மனையிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையிட்டுப் போன லெவ்கே திசாவையின் பீரங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்கலக் குழலில் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்தது. அது யாருடையது, எப்படிப் போனது என்று ஆவணங்களைப் புரட்டி ஆராய்ந்து உறுதிப்படுத்திய பிறகே, ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்திலிருந்து 2023இல் அது நாடு திரும்பியது. வாயால் சொன்ன கதை அவ்வளவு தூரம் நடக்காது.

கதையைச் சோதிக்க ஆண்டுக் கணக்கே போதும். நுவரெலியாவில் மேஜர் ரொஜர்ஸின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டார் என்று சொல்லப்படுபவர், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் பிடித்த துவக்கு என்று ஒரு 303ஐ யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். அவர் காலத்தில் மருந்தையும் சன்னத்தையும் குழல் வாய் வழியாகப் போட்டு இடித்தார்கள்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு மோசடியும் இருக்கிறது. போரின் கடைசியில், 1944இலிருந்து, காட்டுப் போருக்கென்று ஐந்தாம் இலக்கம் என்ற குட்டைத் துவக்கு வந்தது. குழல் முனையில் தீப்பொறியை மறைக்கும் கூம்பு. எண்ணிக்கை குறைவு, விலை அதிகம். கலிஃபோர்னிய நிறுவனம் ஒன்று நான்காம் இலக்கங்களை அறுத்து இதே உருவில் விற்றது. அசலில் பாரம் குறைக்க இரும்பு உடலிலும், குழலின் அடிப்பகுதியிலும் வழித்து எடுத்த பள்ளங்கள் இருக்கும். போலியில் இருக்காது. முன்கட்டையைக் கழற்றிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் அசல் விலை பேசுவதில் பொருளில்லை.

விலை தேடும்போது, கேட்கிற விலைகளைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். விளம்பரத்தில் மாதக்கணக்கில் நிற்பவை விற்காதவை. அவை சொல்வது விற்பவரின் ஆசையை. ஏலங்களில் முடிந்த விலைதான் சாட்சி. அதிலும் உங்கள் துவக்கில் இருக்கிற அதே மாற்றங்கள் கொண்டவற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இங்கே, ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பங்களாவின் சாமான் அறையிலோ தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ ஒரு துவக்கு அகப்பட்டால் அதன் விலையை விசாரிக்கும் வேலையே வேண்டாம். அனுமதிப்பத்திரம் அந்த மனிதரின் பெயருக்கு உரியது. அவர் இல்லாதபோது பேரனுக்கு அது தானாக வந்துவிடாது. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு பொலிஸுக்குப் போவதும் ஆபத்து. வழியில் சோதனை வந்தால் விளக்கம் சொல்ல முடியாது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பொலிஸ் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். பழைய அனுமதிப்பத்திரம் ஏதாவது கிடைத்தால் அதை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். எண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்க்க ஆசை வரும். உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது; அதைப் பார்க்கத் தெரிந்தவர் வரும்வரை பெட்டியை மூடி வையுங்கள், பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.